சுவரைப் பார்த்து உட்காருங்கள்

காது பரிசோதனைக்கு வருகிறவர்களை ஏன் சுவரைப் பார்த்து உட்கார வைத்தீர்கள் என்று போன மாதம் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். என் தங்கை மருமகளின் தோழி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆடியோமெட்ரி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்கு முன்பு ஒரு தடவை, ஏற்றிய பிறகு ஒவ்வொரு தடவையும் நோயாளியின் காதைச் சோதிப்பதுதான் தன் வேலையில் பாதி என்றாள். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே எல்லோருக்கும் சோதிக்கிறீர்களா, சோதித்ததாக எழுதி வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "உங்க காலத்துல எப்படி ஆன்ட்டி?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போனதும் விரலை விட்டுப் பார்ப்பேன். மலையிலிருந்து பிரசாதம் என்று யாராவது கொடுத்தால்கூட எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்பேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை, உன்னைப் போலீசில் சேர்த்திருக்க வேண்டும் என்று கிண்டல் செய்துகொண்டே இருந்தார். பிறவிக் குணம் பாதி. மீதி, மேஜரிடம் வேலை பார்த்ததால் வந்தது.

மேஜர் என்றால் எங்கள் டாக்டர். ராணுவத்தில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான திருத்தணிக்கே வந்து ஸ்டேஷன் ரோட்டில் கிளினிக் வைத்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் அறுபதுகளின் கடைசியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். டோக்கன் கொடுக்க எடுத்தார்கள். காது சோதிக்கும் மெஷினை மேஜர் எங்கிருந்தோ செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தபோது, அதை இயக்க எனக்கே கற்றுக்கொடுத்தார். வேறு படிப்போ பட்டமோ எனக்குக் கிடையாது. வெள்ளைப் புடவை கட்டியிருந்ததால் ஊரே என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டது.

சோதனை அறை என்பது பின்பக்கத்து ஸ்டோர் ரூம். நான்கு சுவரிலும் தேங்காய் நார் மெத்தையைக் கிழித்து அடித்து, மேலே சாக்குத் தைத்திருந்தோம். மின்விசிறி போடக்கூடாது, அதன் சத்தம் கெடுத்துவிடும். நோயாளியும் நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வியர்வையில் குளிப்போம். ரயில் வந்தால் அது போய் முடியும்வரை நிறுத்திவைப்போம். ஆடிக் கிருத்திகை சமயத்தில் ஊரெல்லாம் லவுட் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள், அப்போது சோதனையே கிடையாது.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் கல்குவாரிக்காரர்களும் பழைய பட்டாளத்துக்காரர்களும். வெடிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று எழுதிக்கொடுத்தால் ஏதாவது கிடைக்கும் என்று வருவார்கள். நிஜமாகவே காது போனவர்களும் உண்டு, நடிப்பவர்களும் உண்டு. மேஜர் குரலை உயர்த்தவே மாட்டார். மெதுவாக எழுந்து, அந்த ஆளின் பின்னால் போய் நின்று, "வேட்டி அவுந்திருக்குப்பா" என்பார் தாழ்ந்த குரலில். சட்டென்று குனிந்து பார்த்தால் ஆள் காலி. மேஜர் திட்டமாட்டார். நாற்காலிக்குத் திரும்பி வந்து, "கேக்குது. போய்ட்டு வா" என்பார். அதைவிடத் திட்டிவிடலாம் என்று இருக்கும்.

எனக்கு அவர் போட்ட முதல் சட்டம், நோயாளி நம்மைப் பார்த்துதான் உட்கார வேண்டும் என்பது. "கேக்கலைன்னு நடிக்கிறவன் சத்தம் வர்ற நேரத்துல இமையைத் தட்டுவான் பாக்கியம். அதைப் புடிச்சிக்கோ" என்பார். ஆகவே மேஜைக்கு எதிரில் நாற்காலி. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு, பட்டனை அமுக்குவேன். அமுக்கியவுடன் நிமிர்ந்து ஆளின் கண்ணைப் பார்ப்பேன். தடித்த சத்தத்தில் ஆரம்பித்து, வரவர மெல்லியதாக, கடைசியில் கொசு பாடுவதைப்போலக் கீச்சென்ற சத்தம் வரை போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அமுக்கு, நிமிர், பார். வருஷக்கணக்கில் செய்து அது கைப்பழக்கமாகிவிட்டது. எத்தனையோ பேரைப் பிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பள்ளிப்பட்டிலிருந்து முனிரத்தினம் வந்தார். பவர்லூம் ஓட்டுகிறவர், முப்பது வயதிருக்கும். தலையில் துண்டு, அதை எடுத்தபோது ஒரு முடிகூட இல்லை, புருவமும் இல்லை. கூடவே மனைவி தேசம்மா, தோளில் சாய்த்த கைக்குழந்தை. ஆண்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு இடத்தில் கட்டி வந்து, மெட்ராஸில் ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை ஏற்றுவதற்கு முன்னால் காதைச் சோதித்துக்கொண்டு வா என்று சீட்டுக் கொடுத்திருந்தார்கள். மருந்தின் பெயரைப் பார்த்ததும் மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிளாட்டினம் உலோகத்திலிருந்து செய்கிற புது மருந்து, கட்டியைக் கரைக்கும், கிட்னியையும் காதையும் கெடுக்கும் என்று எனக்குச் சொன்னார்.

எனக்கு மூன்று சந்தேகம் வந்தது. காதைக் கெடுக்கும் என்று தெரிந்தால், முதல் தடவை ஏற்றுவதற்கு முன்னாலேயே ஏன் சோதிக்கவில்லை? மெட்ராஸில் இல்லாத மெஷினா, ஏன் இங்கே அனுப்பினார்கள்? மூன்றாவது, இந்த ஆள் ஏன் என் முகத்தையே இப்படிக் கண் கொட்டாமல் பார்க்கிறார்?

இரண்டாவதைக் கேட்டேவிட்டேன். "நான்தான் கேட்டேன் சிஸ்டர். எங்கூர் பக்கத்துலயே பாத்துக்கறேன்னு" என்றார். பளிச்சென்ற பதில். காது கெட்டவர் பேச்சாக இல்லை.

அவர் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தேசம்மா என்னைக் கதவுப் பக்கம் இழுத்தாள். "சிஸ்டரம்மா, இவுரு முன்ன மாதிரி இல்லீங்க. பகல்ல நல்லா பேசறாரு. லைட்ட அணைச்சா வாயே தொறக்கறது கெடையாது. கரண்டு போனாலும் அப்டியே மூஞ்சத் திருப்பிக்கினு படுத்துக்கறாரு. என்மேல இன்னாவோ கோவம். இன்னான்னு சொல்லவும் மாட்டேன்றாரு."

புருஷன் பெண்டாட்டி தகராறுக்குக் காது கிளினிக்கில் என்ன வேலை என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பட்டனை அமுக்கினேன், நிமிர்ந்தேன், பார்த்தேன். விரல் உயர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் உயர்ந்தது. கொசு சத்தத்துக்கும் உயர்ந்தது. வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி போடுவோம். நன்றாகக் கேட்டால் குறி மேலே நிற்கும், கேட்கக் கேட்கக் குறைந்தால் கீழே இறங்கும். எல்லாம் மேல் கோட்டிலேயே, எறும்பு வரிசை மாதிரி நேராகப் போயின. வெளியே வந்து தேசம்மாவிடம், காது நன்றாக இருக்கிறது, நீ கும்பிட்ட சாமிக்கு ஒரு தேங்காய் உடை என்றேன்.

மேஜர் வரைபடத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "என்ன வேலை பாக்கறான்?"

"பவர்லூம் சார். சின்ன வயசுலேர்ந்து."

"பவர்லூம்காரன் காதா இது? பச்சைக் குழந்தை காது மாதிரி இருக்கு."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தறிக்கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் வரைபடத்தில் கீச்சுச் சத்தத்தின் பக்கம் ஒரு பள்ளம் விழும். பள்ளிப்பட்டிலிருந்தும் பொதட்டூரிலிருந்தும் எத்தனை பேர் வந்தார்கள், பள்ளம் இல்லாத ஒருவரை நான் பார்த்ததில்லை. இவருக்கு மருந்து காதைக் கெடுக்காமல் விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், தறி விட்டிருக்காது.

"திரும்ப எடு. நானும் வர்றேன்" என்றார் மேஜர். அறைக்குள் வந்து மூலையில் நின்றுகொண்டு, என் காதோரம், "இந்தத் தடவை சத்தம் குடுக்காதே" என்றார்.

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினேன். நிமிர்ந்தேன். முனிரத்தினத்தின் விரல் உயர்ந்தது. மறுபடி அமுக்கி நிமிர்ந்தேன். உயர்ந்தது. பிறகு பட்டனையே தொடாமல் சும்மா நிமிர்ந்து பார்த்தேன். விரல் உயர்ந்தது.

கேட்டுக்கொண்டே கேட்கவில்லை என்று நடிப்பவர்களைப் பிடிக்கத்தான் எனக்குப் பழக்கம். கேட்காமலே கேட்கிறது என்று நடிக்கும் ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்திருந்தான். நான் சந்தேகப்பட்டுப் பார்த்த பார்வையை வைத்தே என்னை ஏமாற்றியிருந்தான்.

மேஜர் போய், நாற்காலியைப் பிடித்து அவரோடு சேர்த்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார். திருப்பும்போதே முனிரத்தினத்தின் தோள் தொங்கிவிட்டது. மறுபடி சோதித்தேன். தடித்த சத்தங்களுக்கு விரல் உயர்ந்தது. நடுவில் தயங்கியது. அதற்குமேல் நான் எவ்வளவு கூட்டியும் உயரவில்லை. வட்டங்களும் பெருக்கல் குறிகளும் பாதி தூரம் நேராக வந்து, அங்கிருந்து படிக்கட்டில் இறங்குவது போல இறங்கிக் கடைசி வரை இறங்கியே கிடந்தன. தறிச் சத்தத்தால் கெட்டால் பள்ளம் விழுந்தும் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறும். இது ஏறவே இல்லை. "இது தறி இல்லை. மருந்து" என்றார் மேஜர்.

நாற்காலியை மறுபடி எங்கள் பக்கம் திருப்பி, அவருக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டார்.

முனிரத்தினம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தறி ஓடச்சொல்ல நாங்க யாரும் கத்த மாட்டோம் சார். ஒதட்ட அசைச்சாப் போதும், அந்தாண்ட கோடியில இருக்கறவனுக்குப் புரிஞ்சிடும். அதனால மெட்ராஸ்ல டாக்டருங்க கேக்கச்சொல்லவும் எனுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. அங்க காது டெஸ்டுன்னா தனி ரூம்ல தள்ளிக் கதவ சாத்திடுவாங்களாம். இங்க எதிர்ல ஒக்கார வெப்பாங்கன்னு எங்க கொட்டாயில ஒருத்தன் சொன்னான். சிஸ்டரு பட்டன் அமுக்கச்சொல்லல்லாம் நிமிர்ந்து பாக்கறாங்க."

"அது சரி. எதுக்கு மறைச்சே?"

"எனுக்குப் பக்கத்து பெட்டுல ஒருத்தரு இருந்தாரு சார். அவுருக்கு மருந்து ஒத்துக்கலன்னு நிறுத்திட்டாங்க. அதுக்கப்பறம் அவுரு ரொம்ப நாள் இல்ல." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காது போச்சுன்னு தெரிஞ்சா எனுக்கும் நிறுத்திடுவாங்க. கொழந்தைக்கு இன்னும் தல கூட நிக்கல சார். காது போனாப் போவுது. எழுதாதீங்க."

கதவருகில் தேசம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது திறந்து உள்ளே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு அத்தை மகள்தான், பாவா என்றுதான் கூப்பிடுவாள். "அப்ப லைட்ட அணைச்சப்பறம் நான் பேசினதெல்லாம், பாவா?" என்றாள். அவர் திரும்பவில்லை, அவருக்குப் பின்னால் இருந்து கேட்டதால். அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து அதையே மறுபடி கேட்டாள்.

"சத்தம் வரும் தேசம்மா. பேச்சு வராது" என்றார் அவர்.

அவள் அழவில்லை. குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றாள். நான்தான் அழுதேன்.

அன்று மேஜருக்கும் எனக்கும் முதல் முறையாக வாக்குவாதம் வந்தது. மெட்ராஸ்காரர்களை நான் நம்பவில்லை. தங்கள்மேல் பழி வரக்கூடாது என்று மருந்தை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள், முதல் வரைபடத்தையே கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்றேன். மேஜர் என்னை, காது கேட்காதவன் போல நடிக்க வந்த ஒரு பட்டாளத்துக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அவங்க அடுத்த ஊசியைப் பொய்யை வெச்சா போடணும்?" என்றார். மறுநாள் காலை ரயிலில் முனிரத்தினத்தோடு அவரே மெட்ராஸுக்குக் கிளம்பினார். கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவர் போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதையும் சந்தேகப்பட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் தன் கண்டுபிடிப்பைக் காட்டிப் பெயர் வாங்கப் போகிறாரோ என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் சட்டைகூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அங்கே நடந்ததைக் கேட்டால் சொல்லவே தோன்றாத அளவுக்குச் சின்ன விஷயம். காது கெட்டால் அவர்களாக மருந்தை நிறுத்துவதில்லையாம். நோயாளியைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். கிட்னி கெட்டால்தான் அவர்களே நிறுத்துவார்கள். பக்கத்து பெட்காரருக்கு நின்றது கிட்னியால். இதை முனிரத்தினத்துக்கு யாராவது ஒருவர் ஒரு நிமிஷம் நின்று சொல்லியிருந்தால் போதும். ஊசி போட்டார்கள், பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள், வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள், இதை மட்டும் சொல்லவில்லை. காது போகும் என்றுகூட அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

"வேற மருந்து இல்லையான்னு கேட்டேன். இந்தக் கட்டிக்கு இதுதான்னு சொல்லிட்டாங்க. அவனைக் கேட்டாங்க. 'போடுங்க'ன்னான்" என்றார் மேஜர்.

பிறகு ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றியதும் முனிரத்தினம் எங்களிடம் வந்தார். வந்ததும் தானே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். அவருக்குப் பிறகு, வருகிற எல்லோரையுமே நாங்கள் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வைத்தோம். வரைபடத்தில் படிக்கட்டு ஒவ்வொரு முறையும் இன்னும் சீக்கிரமே இறங்க ஆரம்பித்தது. "உள்ள சில்வண்டு கத்திகினே இருக்குது சிஸ்டர், அதுக்கு மட்டும் ராவு பகல் கெடையாது" என்றார் ஒரு முறை. சட்டைப் பையில் பெட்டியும் காதில் ஒயருமாக ஒரு காது மெஷினை மேஜர் வரவழைத்துக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சத்தத்தைப் பெரிதாக்கியதே தவிரப் பேச்சை அது தெளிவாக்கவில்லை.

அதன் பிறகு வரவில்லை. மருந்து முடிந்திருக்கும் என்று முதலில் நினைத்தோம். மாதங்கள் போயின, வருஷமும் போனது. பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து யார் வந்தாலும் விசாரிப்பேன். ஒருவர் நன்றாக இருக்கிறார் என்பார், இன்னொருவர் தெரியாது என்பார். நன்றாக இருக்கிறார் என்றவரை நான் நம்பவில்லை. மேஜரும் பேச்சை மாற்றுவார். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நாலு வருஷம் கழித்துப் பள்ளிப்பட்டில் என் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. விருந்து முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நெசவாளர் தெருவுக்கு நடந்தேன். வீட்டுக்கு வீடு பவர்லூம் ஓடி, தெருவே அதிர்ந்தது. கேட்டுக் கேட்டுப் போய், தேசம்மா வீட்டு வாசலில் நின்றேன். அங்கே மட்டும் தறி நின்றிருந்தது. உள்ளே ஆள் நடமாட்டம் தெரிகிறது, ஒரு பேச்சுக் குரல் இல்லை. சாவு வீட்டில்தான் இப்படி இருக்கும். திரும்பிவிடலாமா என்று கால் தயங்கியது.

எட்டிப் பார்த்தேன். முனிரத்தினம் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். தலை நிறைய முடி. எதிரே தேசம்மா. அவள் உதடு அசைந்தது, அவர் வாய்விட்டுச் சிரித்தார். பதிலுக்கு அவர் உதடு அசைந்தது, அவள் அவர் தோளில் ஒன்று போட்டாள். அவளும் குரல் கொடுக்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு சின்னப் பெண் உள்ளேயிருந்து ஓடிவந்து என் எதிரில் நின்றாள். நான் பார்க்கும்போது தலை நிற்காமல் இருந்த அதே குழந்தை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டை அசைத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவெல்லாம் தறி ஓடுகிறதே, அதனால்தான் என்று குனிந்து காதைக் கொடுத்தேன். அவள் தள்ளி நின்று, என் முகத்துக்கு நேராக வந்து, இன்னும் பொறுமையாக, இன்னும் பெரிதாக உதட்டை அசைத்தாள். அப்போதும் சத்தமே இல்லை. ஒரு கணம் என் காதையே நான் சந்தேகப்பட்டேன்.

தேசம்மா திரும்பிப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்து, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அவங்ககிட்ட சத்தம் போட்டுப் பேசுடி" என்றாள் மகளிடம். "நைனா மாதிரி இல்ல, அவங்களுக்குக் காது கேக்கும்."

அந்தப் பெண் நம்பாமல் என்னையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். மெல்லிய, கீச்சென்ற, அவ்வளவு அழகான குரல்.